கதவு தெரிய வேண்டும்

பின்நோக்கு இயக்ககத்தின் கட்டடத்துக்குப் பின்பக்கத்தில் ஒரு சன்னல்கூடக் கிடையாது. முன்பக்கத்தில் பதினெட்டு இருந்தன. எல் ஆல்த்தோ நகரின் மேட்டுவெளிக் காற்று அந்தப் பதினெட்டையும் காலையிலிருந்து தட்டிப் பார்க்கும். எவரும் திறக்காததால், வெளியே வரிசையில் நிற்பவர்களின் காதுகளுக்குள் புகுந்துகொள்ளும். அந்தத் திங்கட்கிழமை வரிசையில் பதினோராவது வண்டி செவெரோ வில்காவினுடையது.

அவர் ட்ரூஃபி ஓட்டுபவர். ரியோ செக்கோவிலிருந்து லா செஹா வரை ஒரே தடத்தில் ஆளேற்றி ஆளிறக்கும் வெள்ளைக் கார். அதன் முன்மூக்கின் இரு ஓரங்களிலும் இரண்டு பச்சைக் கொடிகள். ஆண்டுக்கொரு முறை இயக்ககம் வண்டியைச் சோதித்து, முன்கண்ணாடியில் ஒரு வட்ட வில்லையை ஒட்டும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அந்த வில்லை ஒட்டப்படாவிட்டால், தடத்தில் அவருடைய இடத்தை ஓட்டுநர் சங்கம் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். அடுத்தவர் நான்கு ஆண்டுகளாகக் காத்திருப்பவர். நாள்தோறும் செவெரோவைத் தேடிவந்து, வண்டியின் உடல்நலத்தை மிகுந்த அன்போடு விசாரிப்பவர்.

எளிதில் முடிந்திருக்க வேண்டிய காரியம். ஆனால் செவெரோவின் பக்கக் கண்ணாடிகள் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தன.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன், லா செஹாவின் நெரிசலில், ஓட்டுநர் இருக்கை இருக்கும் இடப்பக்கமாக ஒதுங்குவதற்காக அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் கதவு தெரிந்தது. கதவு ஒழுங்காக இருந்தது. ஒதுங்கினார். ஒரு மோட்டார் சைக்கிள் கதவில் உரசிச் சாய்ந்தது. அதன் பின்னிருக்கைப் பெட்டி திறந்துகொள்ள, இறைச்சியும் குழம்பும் உள்ளே ததும்பும் மாவுப் பொதிகளான சால்தேன்யாக்கள் இருபத்து நான்கு சாலையில் உருண்டன. ஓட்டியவள் எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "யோவ், கண்ணை எங்கய்யா வெச்சிருக்க, உன்னை…" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, "அப்பா" என்றாள்.

மகள் நைராவுக்கு அன்று முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்குப் போகவில்லை. அன்றிலிருந்து இருக்கையில் அமர்ந்தாலே இடது முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது. சாப்பிடும்போது ஆடியது. வழிபாட்டில் ஆடியது. நைரா நாள்தோறும் அதே சாலையில், தங்கள் கதவுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டும் ஆயிரம் பேருக்கு நடுவே, சால்தேன்யா கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

விபத்து நடந்த மாலையே அவர் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, அவளை மோட்டார் சைக்கிளோடு பின்னால் நிற்கச் சொன்னார்.

"இங்க தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்லம்மா."

"அப்பா, நான் உங்க தோள்கிட்டயே நிக்கிறேன். கை நீட்டினா தொடலாம்."

"எனக்குக் கதவுதான் தெரியுது."

பிறகு அவராகவே ஒரு வழி கண்டார். தலையைச் சன்னலோடு ஒட்டிச் சாய்த்துக்கொண்டு, வண்டியின் விலா கண்ணாடியின் ஓரத்தில் மறையும் வரை இடக் கண்ணாடியை வெளியே தள்ளினார். வண்டியின் நடுவுக்குச் சாய்ந்து, வலக் கண்ணாடியையும் அப்படியே தள்ளினார். நிமிர்ந்து உட்கார்ந்தபோது, பின்னாலிருந்து மெல்ல உருட்டிக்கொண்டு வந்த நைரா நடுக்கண்ணாடியிலிருந்து நழுவும் முன்பே பக்கக் கண்ணாடிக்குள் வந்தாள். பக்கக் கண்ணாடியிலிருந்து நழுவும் முன்பே அவருடைய கடைக்கண்ணுக்குள் வந்தாள். இடையில் அவள் காணாமற்போக இடமே இல்லை. கதவு மட்டும் காணாமற்போயிற்று. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அது இருபது ஆண்டுகளாக வண்டியோடுதான் வந்துகொண்டிருந்தது.

"சோதனைக்குப் போறப்ப உள்ள திருப்பிக்கோ, வெளிய வந்ததும் பழையபடி தள்ளிக்கோ" என்று ட்ரூஃபி நிலையத்தில் எல்லோரும் சொல்லியனுப்பினார்கள். அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். ஆனால் வரிசை நகர நகர, இடப்பக்கமாக மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு முறையும் கண்ணாடியை நோக்கிப் போன கை திரும்பி வந்தது. இந்த ஒன்று போகட்டும். இதுவும் போகட்டும். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்ததும் போகட்டும் என்று அவர் நினைத்தபோது, சன்னலருகே ஆய்வாளர் திக்கோனா நின்றுகொண்டிருந்தார்.

ஆய்வாளர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார்.

"வண்டி எங்க?"

"இதுதாங்க வண்டி. நான் உட்கார்ந்திருக்கேனே."

"கண்ணாடியில எங்கன்னு கேட்டேன். மூணுல ஒரு பங்கு உன் கதவு தெரியணும். விதி முப்பத்தொண்ணு. கதவையே காணோம்."

"கதவு எங்கயும் ஓடிப்போகாதுங்க. ஓடி வர்றதைத்தானே பார்க்கணும்?"

திக்கோனா எழுதிக்கொண்டார்: 'கதவு இருப்பதை நம்பிக்கையின் பேரில் மட்டுமே ஏற்கிறார்.'

பிறகு கோணமானியைக் கொண்டுவந்தார்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்த கருவி. வந்து சேர்ந்த நாள் மாதத்தின் முதல் வெள்ளி. புது வீட்டுக்கும் புது வண்டிக்கும் புதுத் தையல் எந்திரத்துக்கும் செய்வதைப் போலவே, மண்தாயின் ஆசி வேண்டி, அதன்மீது வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவிப் பீர் ஊற்றினார்கள். அரசுக் கருவி என்பதால் தாராளமாகவே ஊற்றினார்கள். அன்றிலிருந்து அதன் முள் பன்னிரண்டு பாகையில் நின்றது. இயக்ககம் நாற்பது வண்டிகளில் அதைச் சோதித்தது. நாற்பதும் பன்னிரண்டையே காட்டின. இத்தகைய ஒருமைப்பாடு உலகில் வேறெங்கும் பதிவானதில்லை என்று குறித்துக்கொண்டு, பன்னிரண்டு பாகையே கண்ணாடியின் சரியான கோணம் என ஆணை பிறப்பித்தது.

திக்கோனா கருவியைக் கண்ணாடியில் பொருத்தினார். பன்னிரண்டு.

அவர் நெடுநேரம் யோசித்தார். வரிசை ஒலியெழுப்பியது.

"கோணம் சரி. கதவு தெரியலை. கருவி பொய் சொல்லாது. அப்போ உன் கதவுதான் இடம் மாறியிருக்கு."

செவெரோ அவசரமாகக் கையை நீட்டினார். "இதோ திருப்பிடறேங்க. ஒரு நொடி."

"கையை எடு! அது இப்போ சாட்சி."

இவ்வாறு ஒரு கோப்பு திறக்கப்பட்டது. திறந்த கோப்பை மூட ஒரு முடிவு தேவை. முடிவுக்கு ஒரு விசாரணை தேவை. விசாரணைக்கு ஒரு மனு தேவை. மனுவை மஞ்சள் உறையில் வைத்துத் தர வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை இரண்டு எழுத்தர்கள் அளவுநாடாவோடு வந்து, கதவு இருக்கும் இடத்தை மும்முறை அளந்தார்கள். அது தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட இடத்திலேயே இருந்தது. அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிற்பகலில் உளவியல் பிரிவில் ஓர் அம்மையார், அவருக்கும் வண்டிக்கும் இடையே ஏதேனும் மனத்தாங்கல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் செவெரோ. "அப்புறம் ஏன் அதோட முகத்துல முழிக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, ஆடும் முழங்காலைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார்.

மனு எழுதுவது தோன்யா செனோபியாவின் தொழில். இயக்ககத்தின் எதிரே நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருப்பார். காகிதம் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல். செவெரோ நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் கேட்காமலே தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் இன்னும் முடிக்கலையே."

"உன் கதை எனக்கெதுக்கு தம்பி? முதல்ல அவங்க பெருமை ஒரு பக்கம். அப்புறம் உன் சிறுமை ஒரு பக்கம். விஷயம் கடைசி வரியில, இடம் இருந்தா."

"மக உயிர் சம்பந்தப்பட்டதும்மா."

"அப்படி எழுதினா சுகாதாரத் துறைக்கு அனுப்பிடுவாங்க." அவர் கல்லை நகர்த்திக் காகிதத்தை உருவினார். "'கதவைக் காணும் பாக்கியத்தை அறியாமையால் இழந்த அடியேன்'னு போட்டிருக்கேன். அந்த இடத்துல கையெழுத்துப் போடு. மெதுவா, மெதுவா. ஏன் இப்படி ஆடுற, குளிருதா?"

"குளிரலை."

புதன்கிழமை இயக்குநர் டாக்டர் அர்சாபே அவரை அழைத்தார். டாக்டர் சட்டம் படித்தவர். வண்டி ஓட்டப் படிக்கவில்லை. தலைமை ஓட்டுநர் ஒருவர் ஓட்ட, பின்னிருக்கையில் போய்வருபவர்.

"உக்காருங்க, டிரைவரே. மனுவைப் படிச்சேன். முதல் பக்கம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா இந்தக் கடைசி வரி. மறைவுப் பரப்புன்னு ஒண்ணு இருக்கறதாச் சொல்றீங்க."

"இருக்குங்க, டாக்டர். தோளுக்குப் பின்னால. ஒரு மோட்டார் சைக்கிளே அதுல மறைஞ்சுடும்."

"பதினேழு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். மறைவுப் பரப்புல ஒரு வண்டியைப் பார்த்தேன்னு இதுவரைக்கும் ஒரு ஓட்டுநர்கூட எழுதிக் குடுத்ததில்லை. ஒருத்தர்கூட!"

"பார்க்க முடிஞ்சா அது மறைவே இல்லையே, டாக்டர்."

"அதைத்தானே நானும் சொல்றேன்?" என்று மகிழ்ச்சியோடு மேசையைத் தட்டினார் இயக்குநர். "கண்ணாடின்னா என்ன? காலையில நான் கண்ணாடி பார்க்கறேன். யாரைப் பார்க்கறேன்? பக்கத்து வீட்டுக்காரனையா? என்னைத்தான். இந்த இயக்ககம் வருஷா வருஷம் அறிக்கை போடுது. முதல் பக்கத்துல என் படம். ரெண்டாம் பக்கத்துல கட்டடம். மூணாம் பக்கத்துல கட்டடத்துக்கு முன்னால நான். அதுல எங்கயாவது ஒரு குறை தெரியுதா? தன்னையே பார்த்துக்கிட்டிருக்கற நிறுவனம் எங்கயும் போய் மோதாது, டிரைவரே."

"மோதினா?"

"விபத்து வேற துறை."

செவெரோவின் முழங்கால் மேசைக்கடியில் எதையோ இடித்தது. வெள்ளி நண்பகலுக்கு இன்னும் இரண்டு நாள். சற்றுமுன் நைரா எந்தச் சந்திப்பைக் கடந்திருப்பாள் என்று மனம் கணக்கிட்டது.

"டாக்டர், ஒரே ஒரு தடவை என் இருக்கையில உக்காந்து பாருங்க. விதிப்படியே கண்ணாடியை வெச்சுத் தரேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

இயக்குநர் தயங்கினார். ஆண்டறிக்கையின் நான்காம் பக்கத்துக்கு இன்னும் படம் கிடைக்கவில்லை என்று உதவியாளர் காதில் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவாயிற்று.

அது மாதத்தின் முதல் வெள்ளி. இயக்ககத்தின் மேசைகள், முத்திரைகள், மாடிப்படி எல்லாவற்றுக்கும் காலையிலேயே பீர் தெளித்திருந்தார்கள். டாக்டர் அர்சாபே தலையில் வண்ணத் துணுக்குகளோடு முற்றத்துக்கு வந்து, வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். அருகில் திக்கோனா. பின்னால், குறிப்பெடுக்க இரண்டு எழுத்தர்கள். மூன்றில் ஒரு பங்கு கதவு தெரியுமாறு செவெரோ தம் கையாலேயே கண்ணாடியை உள்ளே திருப்பினார், சன்னலை இறக்கிவிட்டார்.

"தலையைத் திருப்பக்கூடாதுங்க, டாக்டர்" என்று நினைவூட்டினார் திக்கோனா. "விதி நாப்பது. தலையைத் திருப்பறது கண்ணாடி மேல அவநம்பிக்கை."

"விதி எழுதினவன்கிட்டயே விதி சொல்றியா?"

பத்தரை மணிக்கு இயக்ககம் வேலையை நிறுத்திச் சால்தேன்யா சாப்பிடுவது வழக்கம். பத்து இருபத்தெட்டுக்கு நைராவின் மோட்டார் சைக்கிள் நாற்பது சால்தேன்யாக்களோடு முற்றத்துக்குள் நுழைந்தது. செவெரோ கையசைத்தார். அவள் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து, இயக்குநரின் இடத்தோளுக்குச் சற்றுப் பின்னால், கதவிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றாள்.

"இப்போ சொல்லுங்க, டாக்டர். இடப்பக்கம் என்ன தெரியுது?"

"கதவு. நல்ல கதவு. கொஞ்சம் கீறியிருக்கு. அதுக்கப்புறம் மதில். வேற ஒண்ணும் இல்லை. எழுதிக்கோங்க: ஒண்ணும் இல்லை."

"நான் இருக்கேனே, டாக்டர்" என்றாள் நைரா.

எழுத்தர்களின் பேனாக்கள் நின்றன.

"யாரோ பேசறாங்க" என்றார் இயக்குநர்.

"கண்ணாடியில யாரும் இல்லைங்க" என்றார் திக்கோனா.

"டாக்டர், சால்தேன்யா ஆறிக்கிட்டிருக்கு. ஆறினா குழம்பு உறைஞ்சுடும். அப்புறம் கடையைக் குறை சொல்லக்கூடாது."

நைரா பெட்டியின் மூடியைத் திறந்தாள். வாசனை சன்னல் வழியாக உள்ளே போயிற்று. வாசனையைப் பற்றி விதி எதுவும் இல்லை. எழுத்தர்களின் கழுத்து நரம்புகள் புடைத்தன. திக்கோனா கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநர் கண்ணாடியையே வெறித்தார், கதவு தெரிந்தது, மதில் தெரிந்தது, பெட்டி தெரியவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. பின்னர் பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக, பின்நோக்கு இயக்ககத்தின் இயக்குநர் திரும்பிப் பார்த்தார்.

அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"டாக்டர்," என்றார் ஓர் எழுத்தர் மெல்ல, "தலை திரும்பிச்சுன்னு எழுதவா?"

"காத்துன்னு எழுது."

செவெரோவின் முழங்கால் நின்றது. இயக்குநர் பார்த்துவிட்டார். பார்த்தபின் எவராலும் பார்க்காதவர்போல் இருக்க முடியாது என்று செவெரோ நம்பினார். இருபது ஆண்டுகளாகச் சாலையில் இருந்தவர், அலுவலகங்களில் இருந்தவரல்லர்.

இயக்குநர் இறங்கி, ஒரு துளி குழம்பும் சிந்தாமல் இரண்டு சால்தேன்யாக்களை முடித்துவிட்டு, விரல்களைத் துடைத்துக்கொண்டே ஆணையைச் சொல்லத் தொடங்கினார். மறைவுப் பரப்பு என ஒன்று உண்டு என்பதை இயக்ககம் இன்று காலை முதல் அங்கீகரிக்கிறது. அங்கீகரிக்கப்பட்டதால் அது இயக்ககத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. ஆளுகைக்கு உட்பட்டதால் முன்னனுமதியின்றி அதில் எவரும் நிற்கவோ செல்லவோ கூடாது. விண்ணப்பத்தோடு, விண்ணப்பதாரர் மறைவுப் பரப்பில் நிற்கும்போது ஓட்டுநரின் பக்கக் கண்ணாடி வழியே எடுத்த படம் மூன்று படிகள் இணைக்கப்பட வேண்டும். இன்று அதில் அனுமதியின்றி நின்ற இளம்பெண்ணுக்கு அறிவிக்கை வழங்கப்படும்.

"என்னை யாரும் பார்க்கலைன்னு எனக்கே நோட்டீஸா?" என்றாள் நைரா.

"பார்த்தோமேம்மா," என்றார் டாக்டர் அர்சாபே கனிவோடு. "அதனாலதானே நோட்டீஸ்."

"அப்போ பாக்கி முப்பத்தெட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடவா? அதுவும் அனுமதியில்லாமதானே நின்னுச்சு."

"உணவு வேற துறை" என்று திக்கோனா பெட்டியைப் பற்றிக்கொண்டார்.

மறைவுப் பரப்பைக் கண்டறிய உதவியமைக்காகச் செவெரோவுக்கு இயக்ககம் நன்றி தெரிவித்தது. வில்லை பதினொன்று ஐம்பதுக்கு ஒட்டப்பட்டது. அவர் மீண்டும் வழிதவறாமலிருக்கும் பொருட்டு, இரண்டு கண்ணாடிகளும் விதிப்படியான நிலையில் கம்பியால் கட்டப்பட்டு, கம்பியின் முடிச்சில் ஈய முத்திரை பதிக்கப்பட்டது. முத்திரை உடைந்தால் தடம் போகும். பத்து நாள் கழித்து மறு ஆய்வு.

தடத்தில் அவருடைய இடம் தங்கிற்று. காத்திருந்தவர் வந்து கட்டித்தழுவி வாழ்த்தினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

அன்று மாலை செவெரோ, மாட்டுவண்டி வேகத்தில், தலையை முழுதாகச் சன்னலுக்கு வெளியே நீட்டி, நொடிக்கொரு முறை பின்னால் பார்த்தபடி ரியோ செக்கோவுக்கு ஓட்டினார். குளிரில் காதுகள் மரத்துப்போயின.

"என்னண்ணே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா."

கண்ணாடியில் கதவு தெரிந்தது. எத்தனை முறை பார்த்தாலும் கதவே தெரிந்தது. சனிக்கிழமையும் தெரிந்தது. அதையே பார்த்துப் பார்த்து, அதன் கீறல்கள் அவருக்கு மனப்பாடமாயின. இனி இந்தக் கண்ணாடியில் இதைத்தான் பார்த்தாக வேண்டும் என்றால், பார்க்கத்தக்க ஏதாவது அந்தக் கதவில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், உதிரிப்பாகம் விற்பவனிடம், உள்ளங்கை அகலத்தில் உப்பலான ஒரு வட்டக் கண்ணாடி வாங்கினார். வீட்டு வாசலில் நைரா மீண்டும் மோட்டார் சைக்கிளோடு நின்றாள்.

"இங்க தெரியுதா?"

"இல்ல. வட்டத்தைக் கதவுல கொஞ்சம் மேல ஒட்டு. இன்னும் கொஞ்சம். இப்போ அதை வெளிப்பக்கமா சாய்ச்சு வை."

"இப்போ?"

அவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். முத்திரையிட்ட கண்ணாடிக்குள் கதவு; கதவின் மேல் வட்டக் கண்ணாடி; வட்டத்துக்குள், நகத்தளவில், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எரிச்சலோடு அவரைப் பார்க்கும் மகள்.

மறு ஆய்வு நாள் வந்தது. முற்றத்தில் திக்கோனா முத்திரையைத் தடவிப் பார்த்தார், உடையவில்லை. கோணமானியைப் பொருத்தினார், பன்னிரண்டு. குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு கதவு. மணி பத்து இருபத்தெட்டு.

"சரியா இருக்கு" என்றவர் மீண்டும் குனிந்தார். "கதவுல என்ன, படம் ஒட்டியிருக்க?"

"ஆமாங்க. என் மக."

"எல்லாரும் கன்னிமாதா படம் ஒட்டுவாங்க. நீ மகளை ஒட்டியிருக்க. ம், விதியில தடையில்லை." அவர் கண்களைச் சுருக்கினார். "ஹெல்மெட்டோட எடுத்திருக்கியே. முகம் தெரிய வேணாமா?"

"அப்படித்தாங்க எப்பவும் வருவா."

திக்கோனா கண்ணாடிக்கு இன்னும் அருகே போனார்.

"படம் அசையுதே."

செவெரோ நேராகப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். முழங்கால் அசையவில்லை.

"காத்துங்க" என்றார்.

திக்கோனா எழுதிக்கொண்டார்: 'காற்று.'